மூன்றாவது வரிசை தெரிய வேண்டும்

எங்கள் வீட்டு டிவியில் மனிதர்களுக்கு முகம் இல்லாமல் போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. உடம்பு இருக்கும், சட்டை இருக்கும், பேச்சும் சரியாகக் கேட்கும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் நாலைந்து சதுரக் கட்டிகள் இருக்கும். வாய் எது, மூக்கு எது என்று நாமாக வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்று, நடுவில் ஒரு வட்டம் சுற்றும். என் வீட்டுக்காரர் செய்தி பார்ப்பார். செய்திக்கு முகம் தேவையில்லை. நான் சீரியல் பார்ப்பேன். யார் அழுகிறார்கள் என்பது குரலிலேயே தெரிந்துவிடும். அதனால் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு எடுத்துக்கொள்ள வேண்டி வந்தது. எங்களுக்கு ஒரே மகள். துணை ராணுவத்தில் சேர்ந்து, ராஜபாளையத்திலிருந்து ரயிலில் போனால் இரண்டு நாளைக்கு மேல் ஆகிற ஒரு வடக்கத்தி ஊரில் பயிற்சியில் இருந்தாள். பயிற்சி முடியும் நாளில் அணிவகுப்பு. அதை இணையத்தில் நேரலையாகக் காட்டுவார்கள். ஆனால் முடிந்த கையோடு எடுத்துவிடுவார்கள். முன்பு யாரோ பெண்களின் முகங்களை வெட்டி எடுத்து வேண்டாத வேலை பார்த்ததிலிருந்து அப்படித்தான் வழக்கமாம். இதையெல்லாம் அவள் தன் அப்பாவிடம் போனில் சொன்னாள். அவள் நிற்கப்போவது மூன்றாவது வரிசையில், இடமிருந்து ஐந்தாவதாக. அவர் அதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டார். முந்நூறு பெண்கள், ஒரே சட்டை, ஒரே தொப்பி, ஒரே கிராப்பு. முகம் தெரியாவிட்டால் என் மகள் எது, ஊரான் மகள் எது என்று எனக்குத் தெரியப்போவதில்லை.

நேரில் போயிருக்கலாம். ஒரு வீட்டுக்கு இரண்டு பேருக்கு அனுமதிச் சீட்டு உண்டு. பெயரை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். மகள் கேட்டபோது அவர் பதில் சொல்வதற்குள், "எங்களால அம்புட்டு தூரம் வர ஏலாது" என்று பக்கத்தில் இருந்து நான்தான் சத்தமாகச் சொன்னேன். அவருக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, மறு கண் பாக்கி இருந்தது. அதைக் காரணமாகச் சொன்னேன். உண்மையான காரணம் கோபம். செட்டியார்பட்டியில் நல்ல இடம் பார்த்து, பூ வைக்க நாள் குறிக்கப்போகிற நேரத்தில் அவள் வேலை உத்தரவைக் கொண்டுவந்து காட்டி, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். முதல் ஐந்து மாதம் நான் அவளோடு பேசவில்லை. பிறகு பேசினேன், சாப்பிட்டியா, சரி, வை என்ற அளவுக்கு. வர முடியாது என்று சொன்ன ஒரு வாரத்தில் எனக்கே மனசு கேட்கவில்லை. அதற்குள் பெயர்ப் பட்டியலை மூடிவிட்டார்கள்.

போனில் பார்க்கலாமே என்று பலரும் சொன்னார்கள். எங்கள் தெருவில் பேசுகிற அளவுக்குக் கீழேயும் மொபைல் சிக்னல் வரும், படம் ஓடுகிற அளவுக்கு மொட்டை மாடியில் மட்டும்தான் கிடைக்கும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவரைப் பகல் வெயிலில் மாடியில் நிறுத்தி, உள்ளங்கை அகலத் திரையில் முந்நூறு பேரில் ஒருத்தியைத் தேடச் சொல்ல முடியாது. ஆக டிவிதான். அணிவகுப்புக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி தயாரிக்கிற ஒரு கம்பெனியில் நான் செக்கிங்கில் இருக்கிறேன். அடியில் விளக்கு எரிகிற மேஜை. அதன் மேல் துணி ஓடும். இழை விட்ட இடம், கறை, முடிச்சு, எதுவாக இருந்தாலும் கண்ணில் படுவதற்கு முன் கை நிறுத்திவிடும். குறை கண்டுபிடிப்பதற்காகவே இருபத்திரண்டு வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தும் இதை நிறுத்துவதில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஸ்டேஜ் ஸ்டேஜாகத்தான் செய்வார்.

முதலில் எனக்குச் சந்தேகம் டிவி மேல். கண்ணாடியை நன்றாகத் துடைத்தேன். துடைத்த பிறகு கட்டிகள் பளிச்சென்று தெரிந்தன. அடுத்து அவர் ரிமோட்டை எடுத்து, படத்தின் தரம் என்று இருக்கிற இடத்துக்குப் போய், இருப்பதிலேயே உயர்ந்ததை வைத்தார். வட்டம் சுற்றத் தொடங்கி, நாங்கள் காப்பி குடித்து முடிக்கும் வரை சுற்றியது. இருப்பதிலேயே தாழ்ந்ததை வைத்தார். வட்டம் நின்றுவிட்டது, ஆனால் முகங்கள் வெயிலில் வைத்த மெழுகு மாதிரி வழிந்தன. தானாகவே பார்த்துக்கொள் என்று டிவியிடமே பொறுப்பை விட்டோம். அது பழையபடி கட்டிகளுக்கே போனது.

பரிசோதிக்க எங்களிடம் ஒரு படம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஓர் அணிவகுப்பு, எடுக்க மறந்துபோய் இணையத்தில் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் நடைமுறையே எனக்குப் புரிந்தது. முதலில் நடந்து வருவார்கள். அப்புறம் வரிசையாக நின்று உறுதிமொழி சொல்வார்கள். அப்போதுதான் கேமரா கிட்டே போகும். ஒவ்வொரு முகத்தின் மேலும் இரண்டு வினாடி நிற்கும், நகர்ந்துவிடும். அந்த இரண்டு வினாடியில் கட்டி வந்தாலோ வட்டம் சுற்றினாலோ எனக்கு எல்லாம் முடிந்தது.

கஸ்டமர் கேர் என்ற இடத்துக்குப் போன் போட்டோம். ரூட்டர் பெட்டியை அணைத்து முப்பது வினாடி கழித்துப் போடச் சொன்னார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, முப்பதாவது வினாடியில் சுவிட்சைப் போட்டார். மாற்றமில்லை. மறுபடி போன் போட்டபோது வேறொருவர் பேசி, பத்து நிமிடம் அணைத்து வைக்கச் சொன்னார். மூன்றாவது ஆள் மறுபடி முப்பது வினாடிக்கு வந்தார். அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்பதை என் வீட்டுக்காரர் குறித்துக்கொண்டார்.

அடுத்து எனக்குச் சந்தேகம் தெரு மேல். எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கிறவர்கள் எங்கள் வைஃபையைத் திருட்டுத்தனமாக இழுக்கிறார்கள் என்று தோன்றியது. பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்றேன். ஆனால் அதைப் போட்டது மகள். அவளைத்தான் கேட்க வேண்டும். நான் கேட்க மாட்டேன் என்றேன். அவரே போன் போட்டுக் கேட்டார். மாற்றினோம். எதிர்வீட்டில் எந்தக் கலக்கமும் தெரியவில்லை. எங்கள் டிவிதான் புதுப் பாஸ்வேர்டு தெரியாமல் ஒரு நாள் முழுக்கச் சும்மா கிடந்தது. அப்புறம் குரங்குகள். மலையிலிருந்து இறங்கி வந்து கம்பத்துக்குக் கம்பம் கேபிளில் தொங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கம்போடு வாசலில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவை தொங்காத நேரத்திலும் படம் அப்படியேதான் இருந்தது.

எட்டு நாள் மீதி இருக்கும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற பிராட்பேண்ட் ஆபீசுக்கே பஸ் ஏறினேன். போனில் கோபப்பட்டால் நம் முகம் அவர்களுக்குத் தெரியாது. கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க லைன்ல ஸ்பீடு நல்லாத்தானே போகுது" என்றாள். போகிறது, வந்து சேரவில்லை என்றேன். ஆள் அனுப்புவதாக எழுதிக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போய்விட்டுப் பால்கோவா வாங்காமல் திரும்பியது அன்றைக்குத்தான். வீட்டுக்காரர் என் வெறுங்கையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சாதம் போட்டார்.

மறுநாள் ஆள் வந்தார். நாற்பது வயசு இருக்கும், மம்சாபுரத்துக்காரர். முன்பு கேபிள் டிவி லைன் பார்த்தவர், இப்போது ஃபைபர். டிவியைப் பத்து நிமிடம் பார்த்தார். பிறகு டாக்டர் கேட்கிற மாதிரி கேட்டார்.

"எப்ப இருந்துக்கா இப்படி இருக்கு?"

"கொஞ்ச நாளா."

"அதுக்கு முன்ன நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இடையில வீட்ல எதும் மாத்துனியளா? சாமான் எதும் எடம் மாத்தி வச்சியளா?"

"ஒன்னும் மாத்தல" என்றேன். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார்.

வந்தவர் ரூட்டர் எங்கே என்று கேட்டார். மகளின் அறையைக் காட்டினோம். அவள் போட்டித் தேர்வுக்கு ஆன்லைனில் படித்த காலத்தில் இணைப்பு வாங்கினோம். அதனால் பெட்டி அவள் மேஜைக்கு மேலே, பின்சுவரில் இருக்கிறது. அவர் போனில் வேகம் காட்டுகிற ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு கதவைத் தள்ளினார். கதவு பாதிதான் திறந்தது. ஒருக்களித்து உள்ளே போனார்.

அந்த அறையில் இருந்தது என் மகளின் சீர்ப் பாத்திரம். பித்தளை அண்டா இரண்டு, எவர்சில்வர் அண்டா இரண்டு. குடங்கள், தவலை, இட்லிக் கொப்பரை, தாம்பாளங்கள், தூக்குவாளிகள், ஆளுயரக் குத்துவிளக்கு ஒரு ஜோடி. எல்லாவற்றுக்கும் பின்னால், ரூட்டரைக் கட்டிப்பிடித்த மாதிரி, அட்டை பிரிக்காத இரும்பு பீரோ. அவள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது தொடங்கி ஒவ்வொரு தீபாவளிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பாத்திரக் கடையில் நான் பார்த்துப் பார்த்து எடுத்தது. எல்லாவற்றிலும் அவள் பேர் வெட்டியிருக்கிறது. முன்பெல்லாம் பரணிலும் கட்டிலுக்கு அடியிலுமாக வீடு முழுக்கப் பிரிந்து கிடந்தன. அவள் ரயில் ஏறிய வாரம் அத்தனையையும் இறக்கி அந்த அறையில் அடுக்கினேன். போன வேகத்தில் திரும்பி வருவாள், வந்ததும் கல்யாணம், எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் வசதி என்று நினைத்தேன்.

அவர் வெளியே வந்தார். "பெட்டிக்குப் பக்கத்துல தொண்ணூறு வருதுக்கா. கதவுகிட்ட வந்தா ஒம்பது. ஹால்ல ரெண்டு" என்றார். "ரூட்டர அண்டாவுக்குள்ள வச்சு மூடுன கணக்கா இருக்கு."

"பித்தளைக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"செங்கச் செவரக்கூட ஓரளவு தாண்டி வந்துரும். இரும்பு, பித்தளை, எவர்சில்வர் இதுகளத் தாண்டாது. பட்டுத் திரும்பிரும்."

ரூட்டரை ஹாலுக்கு மாற்றச் சொன்னேன். ஃபைபர் வயர் அந்த மூலையில்தான் இறங்குகிறது, அதை நீட்ட வேண்டுமென்றால் பீரோவுக்குப் பின்னால் வேலை செய்ய வேண்டும் என்றார். வயர் மூலமாகவே டிவிக்குக் கொண்டுவரலாம், அதற்குச் சுவரில் ஓட்டை போட வேண்டும், அந்தச் சுவரை அண்டாக்கள் மறைத்திருக்கின்றன என்றார். டிவியை அந்த அறைக்குக் கொண்டுபோகலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். வைக்க இடமில்லை என்று நானே சொல்லிவிட்டேன். எப்படிச் சுற்றினாலும் பேச்சு பாத்திரத்தில் வந்து முட்டியது.

"பொண்ணுக்கு எப்பக்கா கல்யாணம்?" என்று கேட்டார்.

"பாத்துக்கிட்டு இருக்கோம்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாத்திரத்தை எடுத்த பிறகு கூப்பிடுங்கள் என்று நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார். தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார், உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று போனில் செய்தி வந்தது.

அந்த ஆளுக்கு வேலை தெரியாது என்று முடிவு செய்தேன். சிக்னல் என்று ஒன்று இருந்தால் அதற்கு அண்டாவைச் சுற்றி வரத் தெரிய வேண்டாமா என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வாதாடவில்லை. அவர் அப்படித்தான், சில்லறை இல்லை என்று கத்துகிறவர்களை முப்பது வருடம் பார்த்தவர். எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. பாத்திரம் அந்த அறையில் இருக்கிற வரைக்கும் கல்யாணம் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். வெளியே எடுத்தால் அவள் போயே விட்டாள், இனி அவள் பாடு அவளுக்கு என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். இதை நான் அவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஐந்து நாள் இருக்கும்போது, சாயங்காலம் அவர் மறுபடி அந்தப் பழைய அணிவகுப்பைப் போட்டுக்கொண்டு டிவிக்கு ரொம்பக் கிட்டே உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, இங்க வந்து பாரு" என்றார். "மூணாவது வரிசைல அஞ்சாவது புள்ள. நம்ம புள்ள மாதிரியே நிக்கி."

போய்ப் பார்த்தேன். ஒரு தொப்பி, அதன் கீழே நாலு கட்டிகள். இரண்டு வருடத்துக்கு முந்தைய படம், யார் பெற்ற பெண்ணோ. "நம்ம புள்ளைதான்னு நெனச்சுக்கிட்டா நம்ம புள்ளைதான்" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குறை சொல்கிற குரல் இல்லை. ஒரு கண்ணை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் தன்னைத் தயார் செய்துகொள்கிறார் என்று புரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை வேலைக்கு லீவு சொன்னேன். "கொப்பரைல இருந்து ஆரம்பிப்போம், அதுதான் வாசல மறிச்சுக்கிட்டு நிக்கி" என்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

வைக்க இடம் பக்கத்து வீட்டில் கிடைத்தது. தெலுங்குக்காரர்கள், தோப்புள்ளவர்கள், வீட்டுக்குப் பின்னால் மாங்காய் கொட்டுகிற கொட்டகை இருக்கிறது, சீசன் இல்லாததால் காலியாகக் கிடந்தது. ஆனால் அதற்குத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். முதல் அண்டாவை நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வாசலில் இறக்கியதுமே மூன்று வீட்டுக் கதவு திறந்தது. எங்கள் பக்கத்தில் சீர்ப் பாத்திரம் தெருவுக்கு வருவது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். பக்கத்து வீட்டு அம்மா குத்துவிளக்கை வாங்கிக்கொண்டு என் கூடவே நடந்தார்.

"மாப்பிள்ளைக்கு எந்த ஊரு மதினி?"

"மாப்பிள்ளை இல்ல மதினி. டிவில படம் தெரியல."

அவர் கொட்டகை வரைக்கும் அதை யோசித்துக்கொண்டே வந்தார். "சரி, இப்ப சொல்ல வேண்டாம்னா விடுங்க" என்றார்.

மத்தியானத்துக்குள் தெருவின் மேற்கு முனையில் மாப்பிள்ளை ராணுவத்தில் பெரிய அதிகாரியாக இருந்தார். கிழக்கு முனையில் தேவதானத்தில் நெல்லும் தென்னையும் வைத்திருந்தார். ஒருவர் வந்து, மண்டபம் பிடிப்பதாக இருந்தால் இப்போதே பிடித்துவிடுங்கள், மாசி, பங்குனியில் கிடைக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஒவ்வொருவரிடமும் சிக்னலைப் பற்றி விளக்கினேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள்.

என் வீட்டுக்காரர் ஒவ்வொரு நடைக்கும் நடுவில் ஹாலுக்கு ஓடி டிவியைப் பார்த்துவிட்டு வந்தார். பித்தளை அண்டா இரண்டும் போனதும் கண் தெரிகிறது என்றார். குடங்கள் போனதும் மூக்கு. பீரோவை நாலு ஆள் பிடித்து வெளியே எடுத்தபோது அவர் திரும்பி வரவே இல்லை. போய்ப் பார்த்தால், வைத்த கண் வாங்காமல் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மாதமாகக் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சீரியல் மாமியாருக்கு மேலுதட்டில் மெல்லிய மீசை இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மம்சாபுரத்துக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னோம். வந்து ஹாலில் வேகம் பார்த்தார். நாற்பதுக்குப் பக்கத்தில் வந்தது. "நான் சொன்னேம்லாக்கா" என்று ஒரு தடவை மட்டும் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று சுவரில் ஓட்டை போட்டு ஒரு வயரையும் இழுத்து டிவியில் சொருகிவிட்டுப் போனார்.

அணிவகுப்பு அன்று காலை பத்து மணிக்கு எங்கள் ஹாலில் பதினைந்து பேர் இருந்தார்கள். பாதிப் பேர் என் மகளைப் பார்க்க வந்தவர்கள், மீதிப் பேர் மாப்பிள்ளை விவரம் வெளிவருமா என்று வந்தவர்கள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. மைதானத்துப் புல், கொடிக்கயிற்றின் முறுக்கு, பேண்டு வாசிக்கிறவரின் கன்னத்தில் வேர்வை, எல்லாம் தெரிந்தது. நான் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

உறுதிமொழி தொடங்கியது. கேமரா கிட்டே போனது. முதல் வரிசை, இரண்டாம் வரிசை. மூன்றாம் வரிசையில் ஒருத்தி, இரண்டு, மூன்று, நாலு. பிறகு என் மகள்.

கறுத்திருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. தாடையை உயர்த்தி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு அழகாக நான் அவளைப் பார்த்ததில்லை. உறுதிமொழியின் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தாள். மேல்வரிசையில் முன்பல் பாதி இல்லை. சரிவாக உடைந்து, கூராக நின்றது. கேமரா நகர்ந்துவிட்டது.

ஹாலில் எல்லோரும் கைதட்டினார்கள். "பாத்துட்டேன், நல்லாப் பாத்துட்டேன்" என்று என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்தார். பல்லை அவர் பார்க்கவில்லை. வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. வீடியோவில் பேசச் சொன்னால் இங்கே நெட் இல்லை, நெட் இல்லை என்று அவள் ஆறு மாதமாக அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஏன் என்று எனக்குப் புரிந்தது. வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

பதினொன்றரைக்கு அவளிடமிருந்து போன் வந்தது. அவர் முதலில் பேசினார், பேசிவிட்டு என்னிடம் நீட்டினார். நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

"தெரிஞ்சனாம்மா?" என்றாள்.

"தெரிஞ்ச. பல்லு எப்ப ஒடஞ்சுது?"

அவளுக்குப் பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"நம்ம டிவில அதெல்லாமா தெரியுது?"

"இப்பத் தெரியுது. ஏன் சொல்லல?"

"தடை தாண்டும்போது கம்பி வந்து அடிச்சிருச்சு. ஆஸ்பத்திரில மேல ஏதோ வச்சு ஒட்டிவிட்டாங்க, அதும் விழுந்திருச்சு. சொன்னா நீ பல்லுப்போன பொண்ண எவன் கட்டுவான்னு கேப்ப."

கேட்டிருப்பேன். அதே வார்த்தைகளில் கேட்டிருப்பேன். இல்லையென்று அவளிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"வலிச்சுதா?" என்றேன்.

"வலிச்சுது. அன்னைக்கு ஒனக்குத்தாம்மா மொதல்ல போன் போட்டேன். நீ எடுக்கல. பொறவுதான் அப்பாவுக்குப் போட்டேன், அவுககிட்ட ஒன்னும் சொல்லாம வச்சிட்டேன்."

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. அந்த ஐந்து மாதத்தில் அவள் பேர் வந்து, போன் அடித்து ஓய்ந்த நாட்கள் நிறைய. எல்லா நாளும் போன் என் கையில்தான் இருந்தது, ஓய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உள்ளேயிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார், யாரோ விடைபெற்றுக்கொள்ள நிற்கிறார்களாம். வாரேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கொல்லைக் கதவைச் சாத்தினேன்.

"இப்பச் சொல்லு" என்றேன் மகளிடம். "அன்னைக்கு என்ன சொல்லணும்னு கூப்பிட்டியோ, அதச் சொல்லு."